சமையலறைக் கதவைச் சுரண்டுமுன்



களமருதூரில் வாழும் பெரியவர் ஒருவர் சென்ற ஆண்டு ஆனி மாதத்து ஞாயிறொன்றில் பூசை முடிந்ததும் நம்மைத் தேடி வந்தார். தச்சுத் தொழிலில் நாற்பது ஆண்டுகள் பழகியவர். மகள் அனுப்பிய படங்களைக் காட்டுவதற்காகக் கைப்பேசியை நீட்டினார். அதையும் உளியைப் பிடிப்பது போலவே பிடித்திருந்தார். ஒரே மகள், சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பொன்றில் கணவரோடு வசிக்கிறாள். முன்பு வேறொருவர் குடியிருந்து விற்ற வீடு. கட்டி முப்பது ஆண்டுகள் ஆகின்றன. அதன் சமையலறையில் சுவரோடு சேர்த்து அமைத்த மர அலமாரிகளில் பன்னிரண்டு கதவுகளும் நான்கு இழுப்பறைகளும் உள்ளன. எல்லாவற்றுக்கும் பச்சை எனாமல் பூசியிருந்தது. கைபடும் இடங்களில் பச்சை உரிந்து மஞ்சள் தெரிந்தது. மஞ்சளும் உரிந்த இடத்தில் மரம் எட்டிப் பார்த்தது.

மகளுக்கு அப்போது ஐந்தாம் மாதம். ஆவணியில் வளைகாப்பு. "சாமி, வளைகாப்புக்கு நாலு பேர் வருவாங்க. அதுக்கு முன்னாடி நான் போய்ப் பத்து நாள் தங்கி, அந்தப் பச்சையையெல்லாம் சுரண்டி எடுத்து, மரத்தை வெளியே கொண்டுவந்து பாலிஷ் போட்டுக் கொடுத்துடறேன். அப்பன் செய்யற சீரா இருக்கட்டும்" என்றார்.

அவர் இவ்வாறு விரும்பியதில் வியப்பில்லை. இளமையில் கள்ளக்குறிச்சியில் மரச் சிற்பப் பட்டறையொன்றில் தொழில் கற்றவர் அவர். 2021-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற அந்தச் சிற்பக் கலையில் வாகை, வேம்பு, மா முதலிய மரங்கள் தத்தம் நிறத்தோடும் வரிகளோடும் விளங்குவதே அழகு. அப்படிப்பட்ட ஒருவர் கண்ணுக்கு மரத்தின் மேல் பூசிய எனாமல், முகத்தின் மேல் அப்பிய சேறு போலத்தான் தோன்றும்.

குருமடத்தில் நமக்குத் தத்துவமும் இறையியலும் கற்பித்தார்களேயன்றித் தச்சு கற்பிக்கவில்லை. ஆயினும் முன்பு நாம் பணியாற்றிய பங்கொன்றில் குருவில்லச் சமையலறை அலமாரிக்கு நாமே மேற்பார்வை செய்து வண்ணம் தீட்டுவித்து, மூன்றே மாதங்களில் அது வாழைப்பட்டை போல உரிந்து தொங்கக் கண்டவர்கள். ஆகையால் இத்தகைய வேலைகளைப் பற்றிச் சற்றுப் படித்துவைத்திருந்தோம். படித்ததில் ஒரு செய்தி அன்று நினைவுக்கு வந்தது. "அந்தப் பச்சையும் மஞ்சளும் எந்த ஆண்டில் பூசியவை?" என்று கேட்டோம். அவருக்குத் தெரியவில்லை. மகளைக் கேட்டதில், வீட்டை விற்றவர் இருபது ஆண்டுகளாக எதையும் தொடவில்லை என்று அறிந்தோம்.

வாசகர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுவே. நம் நாட்டில் வீட்டு வண்ணப் பூச்சுகளில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கலாகாது என்ற விதி 2016-இல் இயற்றப்பட்டு, 2017 நவம்பர் முதல் நாளிலிருந்து நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமல்களில், சிறப்பாக மஞ்சள், சிவப்பு, பச்சை போன்ற பளிச்சிடும் நிறங்களில், ஈயம் மிகுதியாக இருப்பது வழக்கம். மஞ்சளுக்கு நிறம் தருவதே பெரும்பாலும் ஈயக் குரோமேட் என்னும் உப்பாக இருந்தது. அதனோடு நீலம் கலந்தால் பச்சை. அது பலகையின் மேல் அசையாமல் ஒட்டியிருக்கும் வரை பெருந்தீங்கு இல்லை. உப்புத்தாள் கொண்டு உலர்வாகத் தேய்க்கும்போதுதான் கண்ணுக்குத் தெரியாத தூளாகி, தரையிலும் பாத்திரத்திலும் தலைமுடியிலும் படிகிறது. தீ கொண்டு வாட்டி உரித்தாலோ நச்சுப் புகையாகிறது.

பெரியவர் இதைக் கேட்டு நகைத்தார். "நாற்பது வருஷமா இந்தத் தூளைத்தான் சாமி தின்னுக்கிட்டு இருக்கேன். எனக்கு என்ன ஆச்சு?"

அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது; இரத்தத்தில் சோதித்துப் பார்த்தால் அல்லவா தெரியும்? அது நிற்க. வளர்ந்தவர் வயிற்றில் போகும் ஈயத்தில் உடல் ஈர்த்துக்கொள்வதைப் போல் நான்கைந்து மடங்கு சிறு குழந்தையின் உடல் ஈர்த்துக்கொள்ளும். அது போய்த் தாக்குவது மூளையை. தாயின் இரத்தத்தில் கலந்த ஈயம் நச்சுக்கொடியைத் தாண்டிக் கருவிலுள்ள சிசுவையும் அடைகிறது. இந்த அளவு வரை தீங்கில்லை என்று கூறத்தக்க அளவு எதுவும் ஈயத்துக்கு இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து. இவற்றை நாம் மெதுவாக எடுத்துக் கூறியபோது பெரியவரின் நகைப்பு மறைந்தது. சற்று நேரம் பேசாதிருந்து, "அப்படின்னா கதவுகளை மட்டும் கழற்றி வண்டியில ஏற்றி இங்கே கொண்டாந்துடறேன். நம்ம வேப்ப மரத்தடியில வைச்சுச் செய்யலாம்" என்றார்.

நல்ல யோசனை போலத்தான் முதலில் நமக்கும் பட்டது. அடுக்குமாடி வீட்டில் பன்னிரண்டு கதவுகளைப் பரப்பி வைக்க இடமேது? தாழ்வாரமும் மொட்டை மாடியும் எல்லாருக்கும் பொது. சங்கத்தாரிடம் எழுதிக் கேட்க வேண்டும். தூளும் தின்னர் நெடியும் அடுத்த வீட்டுக்குள் போகும். வேலைக்கு நேர வரையறையும் உண்டு. கிராமத்திலோ வெட்டவெளியும் காற்றும் தாராளம். ஆனால் பெரியவரின் மனைவி, அதுவரை ஒன்றும் பேசாமல் நின்றிருந்தவர், "தலைப்பிரசவத்துக்கு அவ எங்கே வருவா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். வளைகாப்பு முடிந்ததும் மகள் வந்து தங்கப்போவது களமருதூர் வீட்டில். பிறக்கும் பிள்ளை தவழ்ந்து பழகப்போவதும் பெரும்பாலும் அந்த வேப்ப மரத்தடி முற்றத்தில்தான். அந்த அம்மையாரின் கேள்வி எங்கள் இருவருடைய யோசனையையும் தலைகீழாக்கிவிட்டது.

ஆகவே திட்டம் இவ்வாறு மாறியது. வளைகாப்பு பச்சைக் கதவுகளோடேயே நடக்கட்டும். வருகிறவர்கள் வளையலைப் பார்ப்பார்களேயன்றி அலமாரியைப் பார்க்க மாட்டார்கள். மகள் தாய்வீடு வந்த பின், பெரியவர் சென்னை செல்வது. ஆவணிக் கடைசியும் புரட்டாசியும் இதற்கு ஏற்ற காலம். ஐப்பசி பிறந்தால் வடகிழக்குப் பருவமழை. ஈரக் காற்றில் வண்ணம் காயத் தாமதமாகும், பாலிஷின் மேல் வெண்படலம் பூக்கும். மார்கழிக்குத் தள்ளினாலோ, கிறிஸ்து பிறப்புக்கும் பொங்கலுக்கும் ஊர் முழுதும் வெள்ளையடிக்கும் நாட்களில் வேலையாட்கள் கிடைப்பது அரிது. மகளும் பிள்ளையும் தை மாதத்தில் சென்னை திரும்பும்போது நெடி முற்றும் போயிருக்கும்.

வேலை முறையையும் நாங்கள் உட்கார்ந்து எழுதினோம். பெரியவர் முதலில் இணங்காதது, சுரண்டுவதைக் கைவிடுவது. உறுதியாக ஒட்டியிருக்கும் பழைய பூச்சை முழுவதும் எடுக்க வேண்டியதில்லை, எடுப்பதுதான் ஆபத்து. உரிந்து நிற்கும் ஓரங்களை மட்டும் தண்ணீர் தெளித்து, வாட்டர் பேப்பர் என்னும் ஈரத்தில் தேய்க்கும் தாளால் தேய்த்துச் சமன் செய்து, பழையதைப் புதிய பூச்சுக்குள் மூடிவிடுவதே முறை. தரையில் பிளாஸ்டிக் விரிப்பு. மூக்குக்கு என்-95 முகமூடி. துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தல். சேறாக வந்ததை உறையில் கட்டி அப்புறப்படுத்தல். எரிக்கவே கூடாது. அவருக்கென்று தனி உடை. ஊர் திரும்புமுன் தலைமுழுகி, அந்த உடையை அங்கேயே தனியாகத் துவைத்துவிட்டு வருதல். இந்தக் கடைசி நிபந்தனையை விதித்தவர் அம்மையார்.

நம் குருவில்லத்து அலமாரி உரிந்த காரணத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். வண்ணத்தின் குறையன்று அது. தாளிக்கும் எண்ணெயின் ஆவி ஆண்டுக்கணக்கில் படிந்து பலகையின் மேல் மெல்லிய மெழுகு போல் இருந்தது. அதன் மேலேயே பூசிவிட்டோம். எண்ணெய்ப் பிசுக்கின் மேல் எந்த வண்ணமும் பிடிக்காது. உப்புத்தாளால் தேய்த்தாலும் பிசுக்கு போவதில்லை, மரத்துக்குள் அழுந்துகிறது. ஆகையால் கழுவுவது முதல் வேலை, தேய்ப்பது இரண்டாவது. எனாமல் பூசிய கதவுக்கு வெந்நீரில் கரைத்த சலவைச் சோடா போதும். வண்ணமில்லாத தேக்குக்குச் சோடா ஆகாது, மரம் கறுத்துவிடும். அதற்கு மென்மையான சோப்பு நீரே நல்லது. கழுவிய பின் நல்ல நீரால் துடைத்து இரண்டு நாட்கள் உலரவிட வேண்டும். இந்த இரண்டு நாட்களைத்தான் எல்லாரும் திருடிக்கொள்கிறார்கள்.

கதவுகளைக் கழற்றும்போது ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்டு, கீல் பதியும் குழிக்குள்ளேயே அந்த எண்ணை எழுதுதல். அதன் திருகாணிகளை அதே எண்ணுள்ள சிறு பையில் இடுதல். வண்ணக் கணக்கு எளிது. கதவொன்று இரண்டடிக்கு ஒன்றரையடி, இருபுறமும் சேர்த்து ஆறு சதுர அடி; பன்னிரண்டுக்கு 72. இழுப்பறைகளும் சட்டமும் சேர்த்து 100 என்று கொள்ளலாம். எனாமல் ஒரு லிட்டர் ஒரு பூச்சுக்கு ஏறக்குறைய 100 முதல் 120 சதுர அடி வரை வரும். இரண்டு பூச்சுக்கு இரண்டு லிட்டர். பிரைமர் ஒரு லிட்டர். நீரில் கரையும் எனாமல் என்றால் நெடியும் குறைவு. புதிய டப்பாதான் வாங்க வேண்டும். பரணிலுள்ள பழைய டப்பாவைத் திறக்கலாகாது.

அடுப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. தின்னரின் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு ஊர்ந்து அடுத்த அறையிலுள்ள நெருப்பையும் தேடிச் செல்லும். வேலை நடக்கும் நாட்களில் சிலிண்டரை மூடி, சமையலை வேறிடத்துக்கு மாற்றுவது அவசியம். மருமகன் கூடத்து மூலையில் மின்சார அடுப்பை வைத்து மாமனாருக்குப் பத்து நாளும் ரவை உப்புமா கிண்டிப் போட்டார் என்று பின்னர்க் கேள்விப்பட்டோம். பெரியவர் அதைப் பற்றிக் குறை கூறவில்லை. ஆனால் ஊர் திரும்பிய பின் உப்புமாவைத் தொடவில்லை.

புரட்டாசியில் போனவர் பத்து நாள் என்றது பதினான்கு நாளாயிற்று. காரணம், தொட்டியின் கீழிருந்த இரண்டு கதவுகள். கழற்றிப் பார்த்தால் அவை மரமே அல்ல. மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. நீர் பட்டு ஊறி, அடியில் ரொட்டி போல் உப்பியிருந்தன. அப்படி ஊதிய பலகைக்கு எந்தப் பூச்சும் உதவாது; மாற்றத்தான் வேண்டும். கொதிநீரையும் தாங்கும் பிளைவுட் போதும் என்றார் மருமகன். "பிளைவுட்டா!" என்று எழுந்தவர் நேரே மரக்கடைக்குப் போய்த் தேக்குச் சட்டம் வாங்கி வந்து இரண்டு கதவுகளை இழைத்தார். அரக்கைச் சாராயத்தில் கரைத்துப் பூசும் பிரெஞ்சு பாலிஷ்தான் அவருக்கு உயிர். ஆனால் அது நீர் பட்டால் வெளுக்கும், சூடு பட்டாலும் வெளுக்கும். தொட்டியடிக்கு அது ஆகாது என்று மருமகன் மன்றாடி, பாலியூரிதேன் வார்னிஷுக்கு இணங்கவைத்தார். மரத்தின் வரி தெரிகிறதல்லவா, அது போதும் என்று பெரியவரும் விட்டுக்கொடுத்தாராம்.

ஐப்பசியில் பெண் குழந்தை பிறந்தது. தை மாதத்தில் தாயும் சேயும் சென்னை திரும்பினர். அதற்கு முன் மருமகன் அலமாரித் தட்டுகளையெல்லாம் ஈரத்துணியால் இரண்டு முறை துடைத்து, பாத்திரங்களைக் கழுவி அடுக்கியிருந்தார். சென்ற மாதம் பெரியவர் மீண்டும் கைப்பேசியோடு வந்தார். வெளிர்மஞ்சள் கதவுகள் பத்து. தேக்கு நிறத்தில் இரண்டு. பொருந்தவேயில்லை என்று அம்மையார் சிரித்தார். ஏழாம் எண் கதவும் ஒன்பதாம் எண் கதவும் இடம் மாறியிருக்கின்றன. அதனால் ஒரு கைப்பிடி எல்லாவற்றுக்கும் எதிர்ப்புறமாக நிற்கிறது. எண்ணைக் கீல் குழிக்குள் எழுதச் சொல்லியிருந்தோமே என்றோம். "எழுதினேன் சாமி, அதுக்கு மேலேயே பிரைமரை அடிச்சுட்டேன்" என்றார்.