வாழ்த்து அட்டை கணக்கு வகுப்புக்குப் போகட்டும்

ஆசிரியர் தினம், பொங்கல், கிறிஸ்துமஸ் என்று பள்ளிகளில் வாழ்த்து அட்டை செய்து வரச் சொல்லும் நாள்கள் சில உண்டு. அதற்கு முந்தின இரவு பல வீடுகளில் கத்தரிக்கோலோடு உட்கார்ந்திருப்பது அம்மாவோ அக்காவோதான். பிள்ளை தன் பெயரை எழுதி, மினுமினுக்கும் தூளைத் தூவுவதோடு சரி. அட்டையைத் திறந்தால் ஒரு கிராமமே அடுக்கடுக்காக எழுந்து நிற்கும். வகுப்பில் கைதட்டலும் கிடைக்கும். அந்த வீடும் மரமும் ஏன் எழுந்தன, மூடும்போது கசங்காமல் எப்படிப் படுத்துக்கொண்டன என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. பிள்ளை கற்க வேண்டியதெல்லாம் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. ஆகவே விரிந்தெழும் வாழ்த்து அட்டையைக் கைவினை வேளையோடு நிறுத்திவிடாமல் கணக்கு வகுப்புக்குக் கொண்டுவர வேண்டும் என்பது என் கருத்து.

அட்டைக்குள் நடப்பதைச் சற்று அருகில் போய்ப் பார்க்கலாம். ஓர் அட்டையை நடுவில் மடித்து, ஒரு பாதி தரையாகக் கிடக்க, மறு பாதி சுவராக நிமிர்ந்து நிற்கும்படி செங்கோணத்தில் திறந்து வையுங்கள். மடிப்பிலிருந்து 4 செ.மீ. தள்ளித் தரையில் ஒரு தென்னை நிற்க வேண்டும். அதைச் சுவரோடு பிணைக்க ஒரு காகிதப் பட்டை தேவை. ஒட்டுவதற்கு விடும் விளிம்பைக் கழித்துவிட்டால் அந்தப் பட்டையும் சரியாக 4 செ.மீ. இருக்க வேண்டும், சுவரில் எந்த உயரத்தில் ஒட்டுகிறோமோ அதே உயரத்தில் மரத்திலும் ஒட்ட வேண்டும். சுவர், தரை, மரம், பட்டை நான்கும் சேர்ந்தால் ஓர் இணைகரம். எதிர்ப்பக்கங்கள் சமமாக இருக்கும்வரை, அட்டையை எந்தக் கோணத்தில் திறந்தாலும் மரம் சுவருக்கு இணையாகவே நிற்கும். மூடினால் தானும் படுத்துவிடும். பட்டை 3 மி.மீ. கூடிப்போனால் மரம் முன்பக்கம் சாயும், மூடிய அட்டை உப்பிக்கொள்ளும். இன்னொரு விதியும் உண்டு. அட்டையின் ஒரு பாதி 15 செ.மீ. என்றால், 4 செ.மீ. தள்ளி நிற்கும் தென்னை 11 செ.மீ.க்கு மேல் வளரக் கூடாது, 9 செ.மீ. தள்ளி நிற்கும் வேலிக்கு வரம்பு 6 செ.மீ. மீறினால் மூடிய அட்டைக்கு வெளியே தலை நீட்டும். பின்னால் மலை, நடுவே மரம், முன்னால் குட்டை வேலி என்ற அந்த அழகை ஓவியக் கண் மட்டும் தீர்மானிப்பதில்லை; ஓர் அசமன்பாடும் சேர்ந்து தீர்மானிக்கிறது. இதைச் சூத்திரமாகச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. வேலி ஒருமுறை வெளியே நீட்டிக்கொண்டால் ஏழாம் வகுப்புப் பிள்ளை தானே கண்டுபிடித்துவிடும்.

காகிதத்துக்கும் வடிவியலுக்கும் உள்ள இந்த உறவு நேற்று வந்ததல்ல. 1570இல் லண்டனில் ஹென்றி பில்லிங்ஸ்லி யூக்ளிட்டின் வடிவியல் நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டபோது, திண்ம வடிவங்கள் வரும் அதன் பதினோராம் பகுதியில் சில படங்களின் மேல் காகித மடல்கள் ஒட்டப்பட்டிருந்தன. அவற்றைத் தூக்கி நிறுத்தினால் பிரமிடு பக்கத்தைவிட்டு எழும். குழந்தைகளுக்கு விரிபடப் புத்தகங்கள் வந்தது நெடுங்காலத்துக்குப் பிறகு. ஹென்றி கோல் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையை அச்சிட்டு விற்றதே 1843இல்தான். நமக்கு இன்னும் நெருங்கிய சாட்சி சென்னையிலேயே இருக்கிறது. காகித மடிப்பின் வழியே வடிவியல் பயிற்சிகளைத் தரும் ஆங்கில நூல் ஒன்றை டி. சுந்தர ராவ் 1893இல் இங்கே வெளியிட்டார். கிண்டர்கார்டன் பிள்ளைகளுக்குத் தரும் மடிப்புக் காகிதம்தான் அவருக்குத் தூண்டுதல். அதை வைத்துக்கொண்டு பல்கோணங்களில் தொடங்கி வளைவரைகள்வரை போனார். ஜெர்மானியக் கணித அறிஞர் ஃபெலிக்ஸ் கிளைன் தம் நூலில் அதைக் குறிப்பிட்டார். 1901இல் அது சிகாகோவில் மறுபதிப்பானது. சென்னையில் அச்சான புத்தகத்தை சிகாகோ தேடிப்போய் எடுத்துக்கொண்டது. நம் வகுப்பறைகளில் அவர் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

இதையெல்லாம் இப்போது ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளில் திரையிலேயே காட்டிவிடலாமே என்பார்கள். காட்டலாம், காட்டவும் வேண்டும். ஆனால் திரையில் வரையும் கோட்டுக்குத் தடிமன் கிடையாது. காகிதத்துக்குத் தடிமனும் உண்டு, நார் ஓடும் திசையும் உண்டு. நாருக்குக் குறுக்கே மடித்தால் மடிப்பு வெடித்து அசிங்கமாகும். மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவை ஸ்கேல் ஓரமாக அழுத்தி இழுத்து, அந்தத் தடத்தில் மடித்தால் கோடு பிசகாது. கணக்கில் வரும் கோட்டுக்கும் கையில் இருக்கும் பொருளுக்கும் உள்ள இந்த இடைவெளி பொறியியலின் முதல் பாடம். அது திரையில் கிடைக்காது. லேசரில் வெட்டிய ஆயத்த அட்டைகளும், இணையத்திலிருந்து அச்செடுத்து வெட்டும் மாதிரிகளும் இதே காரணத்தால்தான் உதவாது. அடுத்தவர் போட்ட கோட்டில் வெட்டுகிற பிள்ளைக்குக் கோடு ஏன் அங்கே விழுந்தது என்பது தெரியாமலே போகும். வாட்ஸ்அப் காலத்தில் அட்டை யாருக்கு வேண்டும் என்ற கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. பரிசோதனைக் கூடத்தில் கலக்கிய உப்பைக்கூட யாரும் வீட்டுக்கு எடுத்துப்போவதில்லை.

கனமான ஆட்சேபம் வேறொன்று. கணக்கு வகுப்புக்குள் போன எதுவும் மதிப்பெண்ணாகிவிடும், வாழ்த்து அட்டையையும் ஐந்து மார்க் வினாவாக்கிப் பிள்ளைகளை அழ வைத்துவிடுவார்கள் என்பது. இந்தப் பயத்தை மறுக்க முடியாது. புராஜெக்ட் என்ற நல்ல யோசனை, பள்ளி வாசல் ஸ்டேஷனரி கடையில் காசு கொடுத்து வாங்கும் சரக்காக மாறியதை எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். அதனால் இரண்டு நிபந்தனைகளை விட்டுக்கொடுக்கக் கூடாது. அட்டை வகுப்பிலேயே தொடங்கி வகுப்பிலேயே முடிய வேண்டும். அதற்கு மதிப்பெண் கூடாது. மதிப்பெண் தேவைப்படவும் செய்யாது. மூடினால் தட்டையாகப் படுக்கிறதா, திறந்தால் நேராக எழுகிறதா என்று அட்டையே சொல்லிவிடும். சரி-தப்பைப் பிள்ளை ஆசிரியரின் முகத்தைப் பார்க்காமல் தெரிந்துகொள்கிற இடங்கள் நம் பாடத்திட்டத்தில் அதிகம் இல்லை. ஓவிய ஆசிரியர்களும் வருத்தப்பட வேண்டாம். எந்த அடுக்கில் எதை வைப்பது, எந்த வண்ணம் பின்வாங்கும், எது முன்னே வரும் என்பதெல்லாம் அவர்களிடம் கேட்க வேண்டிய கேள்விகளே. மினுமினுப்புத் தூளை மட்டும் இரு தரப்பும் கைவிடலாம். பெரும்பாலும் அது பிளாஸ்டிக் துகள், பெருக்கினாலும் போகாது.

பாடச்சுமை ஏற்கெனவே அதிகம் என்பதும் உண்மைதான். எனவே தனிப் பாடம் வேண்டாம். இணைகரம் நடத்தி முடித்த வாரத்தில் இரண்டு பாடவேளை போதும். ஒரு சார்ட் தாளில் ஆறு அட்டை வெட்டலாம், மீதித் துண்டு பட்டைகளுக்கு ஆகும். நாற்பது பேர் வகுப்புக்கு ஏழு தாள். முதல் வேளையில் எல்லோரும் ஒரே ஒரு மரத்தை நிறுத்தட்டும், பட்டையை வேண்டுமென்றே நீட்டியும் குறைத்தும் ஒட்டிப் பார்க்கட்டும். இரண்டாம் வேளையில் மூன்று அடுக்குக் காட்சி ஒன்றை அவரவரே அளவு குறித்துச் செய்யலாம். அட்டையின் பின்பக்கத்தில் வாழ்த்தோடு அந்த அளவுகளையும் எழுதிவிடலாம்.