கலையும் சார்பும்: எலிசபெத் கற்லெற் தரும் விடை

சார்பு புகுந்த இடத்திற் கலை நில்லாது என்று கலாரசிகர் சிலர் ஓயாது கூறி வருகின்றனர். அவர்களே எலிசபெத் கற்லெற்றின் அச்சோவியங்களைக் கண்டதும், ‘அரசியலைக் கடந்த அழகு’ என வியக்கின்றனர். இப்புகழுரையை நாம் ஏற்கமாட்டோம். கற்லெற் அரசியலைக் கடந்தவரல்லர். அதனுள் நின்றே செதுக்கியவர்.

அடிமைகளாயிருந்தோரின் பேர்த்தியாக 1915இல் வாஷிங்ரனிற் பிறந்தவர் அவர். கார்னெகி தொழில்நுட்பக் கழகத்தின் நுழைவுத் தேர்விலே தேறியும், கறுப்பினத்தவர் என்பதால் அவருக்கு அங்கே இடம் மறுக்கப்பட்டது. ஹவார்ட் பல்கலைக்கழகத்தில் 1935இற் பட்டம் பெற்றபின், வட கரோலினாவில் ஆசிரியையாகிக் கறுப்பின ஆசிரியர்க்குச் சம ஊதியம் கோரிய இயக்கத்திற் பங்குகொண்டார். பின்னர் நியூ ஒர்லியன்சிற் கற்பித்தபோது அங்கிருந்த நூதனசாலையில் பிக்காசோவின் ஓவியக் காட்சி நடந்தது. நூதனசாலையோ கறுப்பினத்தவர் நுழையக்கூடாத பூங்காவின் நடுவில் இருந்தது. அது மூடியிருந்த நாளொன்றில், மாணவரை பஸ்ஸில் வாசல்வரை அழைத்துச்சென்று அவ்வோவியங்களைக் காட்டினார் அவர். கலை எல்லோர்க்கும் பொது என்று சொல்வது எளிது. கதவு யாருக்குத் திறக்கிறது என்பதன்றோ கேள்வி!

1946இல் மெக்சிக்கோ சென்ற கற்லெற், 1937இல் நிறுவப்பட்ட ‘மக்கள் அச்சோவியப் பட்டறை’யிற் சேர்ந்தார். அங்கே அவர் பெரிதும் கையாண்ட ஊடகம் லினோலியம். மலிவான அத்தகட்டைச் செதுக்கி, மையுருட்டித் தாளை அழுத்தினால், ஒரே தகட்டிலிருந்து எத்தனையோ பிரதிகள் கிடைக்கும். சீமானின் சுவரில் ஒற்றைப் படமாகத் தொங்குதற்கன்றி, பலர் கைக்குச் செல்வதற்கே உரிய கலை இது. ஆகவே சார்பு என்பது பின்னர் பூசப்பட்ட வர்ணமன்று. கருவியைத் தேர்ந்த கணத்திலேயே அது தொடங்கிவிட்டது.

1952இல் அவர் செதுக்கிய ‘வாரக்குடி’ என்னும் ஓவியத்தைப் பாருங்கள். அகன்ற தொப்பியணிந்த முதியவள். உழைப்பால் இறுகிய முகம். மேலங்கியைப் பிணைத்திருப்பது ஓர் ஊக்கு. பொத்தானுக்கும் வழியற்ற வாழ்வை அந்தச் சிற்றூக்கே உரைத்துவிடுகின்றது. ஆயினும் அவள் தலை தாழவில்லை. அந்த ஊக்கை ‘வடிவ நயம்’ என்று மட்டும் பாராட்டுவோர், அதனை அணிய நேர்ந்தவளை மறைக்கின்றனர்.

கோஷத்தைத் தகட்டில் ஏற்றினால் மட்டும் அது கலையாகிவிடாது. இதை நாமும் ஒப்புகின்றோம். கற்லெற்றின் கோடுகள் வலியவை. அவ்வலிமை வந்தது எங்கிருந்து? தாம் நன்கறிந்த மக்களைக் கூர்ந்து நோக்கியதிலிருந்தே வந்தது.

அவர் படைப்பில் அரசியலில்லை என்று ரசிகர் கருதலாம். அமெரிக்க அரசு அவ்வாறு கருதவில்லை. 1962இல் அவர் மெக்சிக்கப் பிரசையானதும், விரும்பத்தகாத அந்நியர் எனக்கூறித் தாய்நாட்டுக் கதவை அவருக்கு அடைத்தது. 1971இல் ஹார்லெமில் நடந்த தம் கண்காட்சிக்குக்கூட அவர் விசேட அனுமதி பெற்றே வரவேண்டியிருந்தது. 2002இலேயே குடியுரிமை மீண்டது. 2012இல் அவர் மறைந்தார்.

உயிரோடிருந்தபோது கலைஞரை விலக்கி, பின்னர் அவர் கலையிலிருந்து கருத்தை விலக்குவது ஒரே செயலின் இரு முகங்களே. ஆசிரியராகிய நாம் அதற்குத் துணைபோகலாகாது. அவ்வோவியத்தை மாணவர்க்குக் காட்டுகையில் கோட்டின் அழகைச் சொல்வோம். அந்த ஊக்கு ஏன் அங்கிருக்கின்றது என்பதையும் உடன் சொல்வோம்.