ஷீட் பிலிம் கழுவ என்ன வாங்கலாம்? முதலில் சின்ன டாங்க், மெஷின் பிறகு

சிட்னியிலும் மெல்பேர்ணிலும் எங்கள் தம்பி தங்கச்சிமாருக்குப் பிலிம் கமராவில் திரும்பவும் ஆசை வந்திருக்கிறது. 35 மி.மீ. பிலிமில் தொடங்கிய சிலர் இப்போது 4x5 அங்குல ஷீட் பிலிம்வரைக்கும் வந்துவிட்டார்கள். அவர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணா, வீட்டிலேயே கழுவ என்ன சாமான் வாங்கலாம்?"

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான்கு ஷீட் பிடிக்கும் சின்ன டாங்க் ஒன்று வாங்குங்கள். தட்டுகளில் கழுவுவதைப் பிறகு பழகலாம். சுழலும் மெஷினைப் பற்றி இரண்டு வருடம் கழித்து யோசிக்கலாம். இதற்கு மாறாகச் சொல்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுடைய காரணங்களையும் பார்த்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன்.

கணக்கு ஒன்று

ஒரு 4x5 ஷீட்டின் பரப்பு 20 சதுர அங்குலம். நான்கு ஷீட் என்றால் 80. 36 படம் எடுக்கும் 35 மி.மீ. ரோல் ஒன்றின் பரப்பும் கிட்டத்தட்ட 80தான். ஒரு 8x10 ஷீட்டும் அதேதான். ஆகவே ஒரு ரோலுக்குத் தேவையான டெவலப்பர் மருந்து நான்கு ஷீட்டுக்குப் போதும். புதுக் கணக்கு ஒன்றும் படிக்க வேண்டியதில்லை. "ஷீட் பிலிம் என்றால் மருந்துச் செலவு பயங்கரம்" என்று யாராவது பயமுறுத்தினால் இந்த 80ஐச் சொல்லுங்கள். செலவு மருந்தில் இல்லை, பிலிமில்தான் இருக்கிறது. அதனால் கெடுக்காமல் கழுவுவதுதான் உண்மையான சிக்கனம்.

தட்டுகள் ஏன் இப்போது வேண்டாம்

தட்டுதான் மலிவு. மூன்று பிளாஸ்டிக் தட்டு இருந்தால் போதும், பெரிய கலைஞர்கள் பலர் அப்படித்தான் கழுவினார்கள் என்பார்கள். உண்மைதான். ஆனால் அவர்களுக்கென்று தனியாக ஓர் இருட்டறை இருந்தது. வாடகை யூனிட்டில் இருக்கும் உங்களுக்கு இருப்பது ஒரே ஒரு குளியலறை. சாதாரணக் கறுப்பு வெள்ளை பிலிம் எல்லா நிற ஒளியையும் பார்க்கும். சிவப்பு விளக்குக்கூடப் போட முடியாது. கும்மிருட்டில் பத்து நிமிடத்துக்கு மேல் நின்று, அடியில் இருக்கும் ஷீட்டை எடுத்து மேலே வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நனைந்த பிலிமின் மேற்பூச்சு ஊறி மெதுவாகிவிடும். ஒரு ஷீட்டின் மூலை இன்னொன்றின் முகத்தில் கோடு போட ஒரு நொடி போதும். நடுவில் அம்மா கதவைத் தட்டுவா என்பதும் கணக்கில் சேர வேண்டும்.

"சிவப்பு விளக்கில் கழுவக்கூடிய இல்ஃபோர்ட் ஓர்த்தோ பிளஸ் பிலிம் இருக்கிறதே?" என்று ஒரு தங்கச்சி கேட்டா. நல்ல கேள்வி. அந்தப் பிலிமுக்குச் சிவப்பு ஒளி தெரியாது, அதனால்தான் சிவப்பு விளக்கு அதைக் கெடுப்பதில்லை. ஆனால் எங்களுடைய மாநிறத் தோல் திருப்பி அனுப்பும் ஒளியில் சிவப்புப் பங்குதான் அதிகம். அதைப் பார்க்காத பிலிமில் எங்கள் முகங்கள் நேரில் இருப்பதைவிடக் கறுத்து விழும். உதடும் சுருக்கமும் அழுத்தமாகத் தெரியும். அது தெரிந்தே விரும்பினால் சரி. கழுவுவது சுலபம் என்பதற்காக மட்டும் அம்மம்மாவின் முகத்தை அந்தப் பிலிமிடம் கொடுக்காதீர்கள். முகங்களுக்கு எஃப்பி4 பிளஸ் அல்லது எச்பி5 பிளஸ் போதும்.

டாங்க்

ஸ்டியர்மன் பிரஸ் நிறுவனத்தின் எஸ்பி-445 டாங்க் நான்கு ஷீட் பிடிக்கும், அரை லீட்டருக்குச் சற்றுக் குறைவான மருந்து கேட்கும். ஏற்கெனவே உங்களிடம் மூன்று ரோல் பிடிக்கும் பெரிய பேட்டர்சன் டாங்க் இருந்தால், அதற்குள் வைக்கும் மொட்54 என்ற தாங்கியை வாங்கலாம். ஆறு ஷீட் பிடிக்கும், ஆனால் ஒரு லீட்டர் மருந்து வேண்டும், மெதுவாகத்தான் ஆட்ட வேண்டும். இரண்டிலும் இருட்டு தேவைப்படுவது பிலிமை உள்ளே வைக்கும் சில நிமிடங்களுக்கு மட்டுமே. அதற்கு ஒரு கறுப்புத் துணிக் கூடாரம் போதும். மூடிய பிறகு குசினி வெளிச்சத்தில் நின்று வேலையைச் செய்யலாம்.

ஜோபோவின் சுழலும் டிரம் அருமையான சாமான். ஒரே தடவையில் பத்து ஷீட், மிகக் குறைந்த மருந்து, சீரான விளைவு. வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் மெஷினும் சேர்ந்தால் ஆயிரக்கணக்கான டொலர் போகும். என் தயக்கம் காசைப் பற்றி மட்டுமல்ல. பத்து ஷீட்டும் ஒரே டிரம்முக்குள் போனால், ஒரு பிழை பத்தையும் கொண்டுபோகும். ஐடி வேலையில் இருப்பவன் என்பதால் சொல்கிறேன்: பேக்அப்பை அசல் இருக்கும் அதே டிஸ்கில் யாரும் வைப்பதில்லை.

எங்கள் ஊர் வெயில்

வாங்கும் பட்டியலில் நல்ல வெப்பமானிக்கு டாங்குக்கு அடுத்த இடம் கொடுங்கள். கறுப்பு வெள்ளைக்கு வழக்கமான வெப்பம் 20 பாகை. 2020 ஜனவரி 4ஆம் திகதி பென்ரித்தில் 48.9 பாகை அடித்த ஊர் இது. கோடையில் குழாய்த் தண்ணீரே சூடாகத்தான் வரும். ஓர் அகலமான தொட்டியில் தண்ணீர் விட்டு, உறைய வைத்த போத்தல்களைப் போட்டு, மருந்துப் போத்தல்களை அதற்குள் நிறுத்துங்கள். அப்படியும் இறங்காவிட்டால் நேரத்தைக் குறைக்கலாம். ஒரு பாகை கூடினால் ஏறக்குறைய பத்து வீதம். ஆனால் நேரம் 5 நிமிடத்துக்குக் கீழே போனால் வானமும் சுவரும் திட்டுத் திட்டாக விழ வாய்ப்புண்டு. அன்றைக்குக் கழுவாமல் விடுவதே மேல்.

பாவித்த ஃபிக்சரில் வெள்ளி கரைந்திருக்கும். சிங்கில் ஊற்றாதீர்கள். ஒரு கானில் சேர்த்து வையுங்கள். நியூ சவுத் வேல்ஸில் வீட்டு இரசாயனங்களைச் சேகரிக்கும் கெமிக்கல் கிளீன்அவுட் நாட்களும், விக்டோரியாவில் டிடொக்ஸ் யுவர் ஹோமும் இருக்கின்றன. கேட்டுவிட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

இவ்வளவு மெனக்கெடுவது எதற்கு?

1875இல் பேர்னார்ட் ஹோல்டர்மன் என்ற ஜேர்மன் குடியேறி, சிட்னி வடகரையில் இருந்த தன் வீட்டுக் கோபுரத்தையே கமராவாக்கினார். சார்ள்ஸ் பேலிஸ் என்ற படப்பிடிப்பாளரோடு சேர்ந்து ஏறக்குறைய 1 மீட்டர் உயரமும் 1.6 மீட்டர் அகலமுமான கண்ணாடி நெகட்டிவ்கள் எடுத்தார். அந்தக் காலத்து ஈரத்தட்டு முறையில் மருந்து காயுமுன் படம் எடுத்து, காயுமுன் கழுவியும் ஆக வேண்டும். அவருடைய நெகட்டிவ் தொகுப்பு 1951இல் சாட்ஸ்வூட்டில் ஒரு தோட்டக் கொட்டிலில் கிடைத்தது. இன்று மாநில நூலகத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோப் படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தேடிச் சேர்த்து டிஜிட்டல் பிரதி எடுத்திருக்கிறது.

எங்கள் பக்கம் என்ன இருக்கிறது? 1983இல் கொழும்பில் எரிந்த வீடுகளோடு அல்பங்களும் எரிந்தன. 1995 ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணத்தை விட்டு நடந்தவர்கள் அரிசியைத் தூக்குவதா, அல்பத்தைத் தூக்குவதா என்று யோசிக்க நேரமில்லாமல் நடந்தார்கள். கலியாணப் படமே இல்லாத அம்மம்மாக்கள் வென்ட்வேர்த்விலிலும் டண்டினோங்கிலும் இருக்கிறார்கள். போனில் அவர்களுடைய ஆயிரம் படம் இருக்கும். போன் மாறும்போது அதில் எத்தனை மிஞ்சும்?

அதனால்தான் சின்ன டாங்க் என்கிறேன். ஒவ்வொரு முகத்தையும் இரண்டு ஷீட்டில் எடுங்கள். இரண்டையும் ஒரே நாளில், ஒரே டாங்கில் கழுவாதீர்கள். முதலாவதைக் கழுவிப் பாருங்கள். வெளிச்சம் கூடினதா, நேரம் குறைந்ததா என்று தெரியும். அடுத்த கிழமை இரண்டாவதை அதற்கேற்பக் கழுவுங்கள். ரோல் பிலிமில் இதைச் செய்ய முடியாது. ஷீட் பிலிமின் முழுப் பலனும் இதில்தான் இருக்கிறது. பத்து ஷீட் டிரம் வாங்கியவர் அதை நிரப்பத்தான் பார்ப்பார்.

சாமான் வந்ததும் ஒரு பழுதான ஷீட்டை வெளிச்சத்தில் பத்துத் தடவை டாங்குக்குள் வைத்து எடுங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு பத்துத் தடவை. கை பழகிய பிறகு வீட்டில் வயதில் மூத்தவரிடம் இருந்து தொடங்குங்கள். நெகட்டிவ் காய்ந்ததும், உறைக்குள் போடுமுன், உறையின் மேல் பென்சிலால் பெயரும் ஊரும் திகதியும் எழுதுங்கள். ஊர்ப் பெயரை அவர்களிடமே கேட்டுத் தமிழில் எழுதுங்கள்.