வீட்டுப் பத்திரத்தில் ஒளிந்திருக்கும் ஊர்

எழுதும்போது திருமுல்லைவாயில். ஷேர் ஆட்டோவில் ஏறினால் 'முல்லவாயல்'. வெளியூர் சொந்தக்காரர்கள் கேட்டால் இரண்டும் வேலைக்கு ஆகாது. "அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவுல" என்றால்தான் புரியும். கல்யாணப் பத்திரிகையில்கூட அப்படி அச்சடித்த குடும்பங்கள் உண்டு. சொந்தக் கதை இல்லாத ஊர் மாதிரி இரண்டு பெரிய ஊர்களின் நடுவில் உட்கார்ந்திருக்கிறோம்.

கதை இல்லாமல் இல்லை. மாசிலாமணீஸ்வரர் கோயில் கதையைக் கேட்காமல் இங்கே யாரும் வளர்ந்திருக்க முடியாது. குறும்பர்களோடு போருக்குப் போன தொண்டைமான் மன்னனின் யானை, முல்லைக் கொடியில் கால் சிக்கி நின்றுவிட்டது. கொடியை வாளால் வெட்டினான். ரத்தம் பீறிட்டது. விலக்கிப் பார்த்தால் அடியில் லிங்கம். அந்த வெட்டுக் காயம் ஆற, இன்றும் சுவாமிக்குச் சந்தனக் காப்பு. மன்னனுக்குத் துணையாகப் போகக் கிளம்பிய நந்தி, சுவாமியைப் பார்க்காமல் வாசலைப் பார்த்து நிற்கிறது. போரில் வென்று கொண்டுவந்த இரண்டு எருக்கந்தூண்கள் சந்நிதியில் இருக்கின்றன. சுந்தரர் பாடிய தலம். பௌர்ணமியும் வெள்ளிக்கிழமையும் சேர்ந்து வந்தால் காலையில் மேலூர் திருவுடையம்மன், மதியம் திருவொற்றியூர் வடிவுடையம்மன், மாலையில் நம் கொடியிடையம்மன் என்று மூன்று அம்மனையும் ஒரே நாளில் பார்க்க வருகிறவர்களின் கூட்டம் தெருவை அடைத்துவிடும்.

சரி, அதற்குப் பிறகு? "உங்க தெரு எப்ப வந்துச்சு? அதுக்கு முன்னாடி அங்க என்ன இருந்துச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். முக்கால்வாசிப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. நம்மில் பெரும்பாலானோர் வந்தவர்கள். 1949-ல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் வந்தது. 1959-ல் டன்லப் வந்தது. அறுபதுகளில் அம்பத்தூர் எஸ்டேட் வந்தது. இந்தப் பக்கம் ஆவடி டேங்க் தொழிற்சாலையிலிருந்து 1965-ல் முதல் விஜயந்தா வெளியே வந்தது. வேலைக்கு வந்தவர்கள் வாடகைக்கு இருந்தார்கள், பிறகு சீட்டுப் பணம் போட்டு ஒரு கிரவுண்டோ அரை கிரவுண்டோ வாங்கினார்கள். 1979-ல் திருவள்ளூர் வரை மின்சார ரயில் ஓட ஆரம்பித்ததும் சென்ட்ரலில் வேலை பார்ப்பவர்களும் இங்கே மனை தேடி வந்தார்கள். தொண்டைமானின் யானைக்கும் அந்த மின்சார ரயிலுக்கும் நடுவில் ஆயிரம் வருடத்துக்கு மேல் இருக்கிறது. அந்த இடைவெளியைப் பற்றித்தான் இந்த வாரம்.

ராணி வாங்கிய நிலம்

மாசிலாமணீஸ்வரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. அதில் ஒன்று உத்தம சோழன் காலத்தது. பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதி. கண்டராதித்தரின் பட்டத்தரசியும் உத்தம சோழனின் தாயுமான செம்பியன் மாதேவியார், அம்பத்தூர்க்காரர்களிடம் நிலம் விலைக்கு வாங்கி இந்தக் கோயிலுக்குக் கொடுத்ததைச் சொல்கிறது.

எனக்கு இதில் பிடித்தது 'விலைக்கு வாங்கி' என்ற செய்திதான். நாட்டையே ஆளும் குடும்பம். ஆனாலும் ஊராரிடம் விலை பேசி வாங்கியிருக்கிறார், அதைக் கல்லில் பதிந்து வைத்திருக்கிறார்கள். இன்றைக்கு நாம் பத்திர ஆபீஸில் டோக்கன் போட்டு உட்கார்ந்திருக்கிறோமே, அதே வேலைதான். சோழர் காலத்து நில தானக் கல்வெட்டுகளில் நான்கு எல்லையும் சொல்வது வழக்கம். கிழக்கே எந்த வாய்க்கால், மேற்கே யாருடைய நிலம், வடக்கே எந்த வழி என்று. ஊரில் எது எங்கே இருந்தது என்பது இப்படித்தான் நமக்குத் தெரிகிறது.

வெள்ளைக்காரர் எண்ணிய வீடுகள்

இங்கிலாந்தில் சின்னச் சின்ன ஊர்களில்கூட உள்ளூர் வரலாற்றுச் சங்கம் உண்டு. ரிட்டையர் ஆனவர்கள் கூடி, தங்கள் தெருவில் எந்தக் கடை எப்போது மூடியது, எந்தக் குளம் எப்போது தூர்ந்தது என்று எழுதி வைப்பார்கள். ஒவ்வொரு மாவட்டத்தின் ஊர் வரலாற்றையும் எழுதிவிடலாம் என்று 1899-ல் அங்கே ஒரு வரிசையைத் தொடங்கினார்கள். இன்னும் முடியவில்லை. 1937 மே 12, அவர்களுடைய ராஜாவுக்கு முடிசூட்டு விழா. ராஜா என்ன செய்தார் என்பதைப் பத்திரிகைகள் எழுதின. 'மாஸ் அப்சர்வேஷன்' என்ற குழுவோ, அன்று நீங்கள் என்ன செய்தீர்கள் என்று சாதாரண ஜனங்களிடம் கேட்டு எழுதி வாங்கியது.

அதே வெள்ளைக்காரர்கள் நம் பக்கத்து ஊர்களையும் எழுதியிருக்கிறார்கள். 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற கம்பெனி அதிகாரி, செங்கல்பட்டு ஜாகீர் என்று அப்போது அழைக்கப்பட்ட பகுதியில், அதாவது சென்னையைச் சுற்றி, சுமார் 2,000 ஊர்களை அளந்தார். எத்தனை வீடு, என்னென்ன தொழில் செய்கிறவர்கள், எவ்வளவு நிலம், எங்கே ஏரி என்று கணக்கெடுத்தார்கள். அதன் அடிப்படையாக இருந்த கணக்குகளை நம் கணக்குப்பிள்ளைகள் பனை ஓலையில் தமிழில் எழுதி வைத்திருந்தார்கள். வரி வாங்கத்தான் அளந்தார்கள், பாசத்தில் அல்ல. ஆனால் 250 வருடத்துக்கு முன் இந்தப் பக்கத்து ஊர்கள் எப்படி இருந்தன என்று தெரிந்துகொள்ள இன்று அந்தக் கணக்குகள்தான் கைகொடுக்கின்றன.

கல்லும் ஓலையும் அன்றைக்குச் செய்த வேலையை இன்றைக்குச் செய்யும் ஒரு காகிதம் உங்கள் வீட்டு பீரோவிலேயே இருக்கிறது.

கிழக்கே போகும் வாய்க்கால்

பத்திரத்தின் கடைசிப் பக்கங்களில் 'சொத்து விவரம்' என்று வரும். அதில் செக்குபந்தி என்று ஒரு பத்தி. நான்கு எல்லை. எங்கள் மனையின் பத்திரத்தில் அது சப்பென்று இருக்கிறது: 13-ம் நம்பர் மனைக்குத் தெற்கு, 20 அடி ரோட்டுக்கு மேற்கு. ஆனால் லேஅவுட் போடுவதற்கு முந்தைய தாய்ப்பத்திரத்தை எடுத்துப் பார்த்தால் வேறு உலகம். வாய்க்காலுக்கு மேற்கு. களத்துமேட்டுக்கு வடக்கு. ஏரிக்குப் போகும் வண்டிப் பாதைக்குக் கிழக்கு.

அந்த வாய்க்கால்தான் பிற்பாடு 20 அடி ரோடு ஆனது. காகிதத்தில் ஒரு வார்த்தை மாறியிருக்கிறது, அவ்வளவுதான். தண்ணீருக்கு யாரும் பத்திரம் படித்துக் காட்டவில்லை.

எண்பதுகளில் என் மாமனார் இங்கே வீடு கட்ட வாணம் தோண்டியபோது, பால் ஊற்றும் ஆயா தூக்கோடு நின்று என் மாமியாரிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "இன்னாமா, இந்த எடத்தையா வாங்கிக்கீறீங்க? இது வாய்க்கா போன எடம்மா. ஏரி ரொம்பி வழிஞ்சா தண்ணி இந்தாண்டதான் வரும். வூட்ட நல்லா ஒசத்திக் கட்டுங்க."

மேஸ்திரி சிரித்தார். மாமனார் சிரிக்கவில்லை. பேஸ்மட்டத்தை இரண்டு அடி கூடுதலாக ஏற்றச் சொன்னார். சிமென்ட் விலைக்கு அது பெரிய செலவு. வாசலுக்கு ஐந்து படி வைக்க வேண்டியிருந்தது. முட்டி வலி வந்தபிறகு அந்தப் படிகளை நான் திட்டாத நாள் இல்லை. 2015 டிசம்பரில் தண்ணீர் மூன்றாவது படி வரை வந்து நின்றது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் நான்காவது படி. எங்கள் தெருவில் புதிதாகக் கட்டியவர்கள் நல்ல மனிதர்கள், படித்தவர்கள், அப்ரூவல் வாங்கித்தான் கட்டினார்கள். ஃப்ரிட்ஜ் மிதந்தது. அவர்களுக்குச் சொல்ல ஆயா இல்லை. அவர் போய் இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது.

ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எங்கே களம் அடித்தார்கள், எந்த மதகைத் திறந்தால் யார் வயல் நனையும், எந்தக் கிணறு கோடையிலும் வற்றாது எல்லாம் தெரியும். பர்னார்டு துரையின் ஆட்கள் வருடக்கணக்கில் அளந்து எழுதியதில் ஒரு பகுதி அந்த ஒரு தலைக்குள் இருந்தது.

வருஷத்தைக் கேட்காதீர்கள்

பெரியவர்களிடம் "எந்த வருஷம்?" என்று கேட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். ஆயாவிடம் அவர் மூத்த மகன் வயதைக் கேட்டால், "ஆவடியில நேரு வந்து மாநாடு போட்டாரே, அப்ப கைக்கொழந்த" என்பார். ஆவடி காங்கிரஸ் மாநாடு நடந்தது 1955 ஜனவரி. கணக்கு முடிந்தது. தனுஷ்கோடிப் புயல் என்றால் 1964 டிசம்பர். இந்திரா காந்தி சுடப்பட்டது 1984 அக்டோபர் 31. எம்.ஜி.ஆர். இறந்தது 1987 டிசம்பர் 24. சுனாமி 2004. "அதுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று மட்டும் கேளுங்கள். வருடம் தானாக வந்து விழும்.

கேட்டதெல்லாம் அப்படியே வேதவாக்கு என்று எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். ஆவடி என்பது ராணுவ டெப்போவின் ஆங்கிலப் பெயரைச் சுருக்கி வைத்தது என்று சொல்பவர்கள் நிறைய. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு நம் பக்கமாகத்தான் போனது. டெப்போ வந்தது இரண்டாம் உலகப் போரை ஒட்டி. அதற்கு வெகு காலம் முன்பே ஆவடி ஆவடிதான். பெயர்க் காரணத்திலும் ராஜா கதையிலும் மனிதர்கள் கொஞ்சம் கை வைப்பார்கள். ஆனால் தான் தண்ணீர் சுமந்த கிணற்றையும் தான் நாற்று நட்ட வயலையும் பற்றிச் சொல்லும்போது கவனமாகக் கேளுங்கள். அதைக் கூட்டிச் சொல்லி அவர்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை

கையில் ஃபோன் இருக்கிறது, அதில் ரெக்கார்டர் இருக்கிறது. இதைச் செய்ய அரை நாள் போதும்.

முதலில் பீரோவைத் திறந்து பத்திரத்தை எடுங்கள். தாய்ப்பத்திரம் இருந்தால் அதன் செக்குபந்தியை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பத்திரப் பதிவு அலுவலகத்தில் வில்லங்கம் போட்டு, பழைய பத்திரத்துக்கு நகல் மனு கொடுக்கலாம். தாலுகா ஆபீஸில் உங்கள் சர்வே எண்ணுக்குப் புலப்படமும் அ-பதிவேடும் கேளுங்கள். பக்கத்து எண் 'வாய்க்கால் புறம்போக்கு' என்று இருக்கிறதா என்று அதில் தெரியும்.

பிறகு தெருவில் வயதில் மூத்தவர் வீட்டுக்குப் போங்கள். வெறுங்கையோடு போகாமல் நாலு வாழைப்பழம். மூன்றே கேள்வி: "நீங்க வந்தப்ப இங்க என்ன இருந்துச்சு? குடிதண்ணி எங்கேருந்து எடுத்தீங்க? பெரிய மழைல தண்ணி எந்தப் பக்கம் போச்சு?" பிறகு வாயை மூடிக்கொண்டு கேளுங்கள். பேச்சு மகன் கல்யாணம், மருமகள் சண்டை என்று போகும். போகட்டும், ரெக்கார்டரை நிறுத்த வேண்டாம். நடுவில்தான் "அந்தப் புளியமரத்தாண்ட மதகு இருந்துச்சு" என்று ஒரு வரி வரும்.

வீட்டுக்கு வந்ததும் ஃபைலுக்குப் பெயர் வையுங்கள்: யார் பேசியது, எந்தத் தெரு, என்ன தேதி. அதில் ஒரு நகலை உங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்துச் செயலாளருக்கு அனுப்புங்கள். அடுத்த மழைக்கு முன் வாய்க்கால் தூர் வார மனு எழுதும்போது, வாய்க்கால் எங்கே போனது என்று அவருக்கும் தெரிய வேண்டும்.