முகவரியைப் பூட்டினால் வதந்தி நிற்குமா? சிலாபம் சொல்வது என்ன

2019 மே 12ஆம் திகதி சிலாபத்தில் முஸ்லிம் கடைக்காரர் ஒருவர் பேஸ்புக்கில் இட்ட கருத்து மிரட்டலாக வாசிக்கப்பட்டது. அதிகம் சிரிக்க வேண்டாம், ஒருநாள் அழ நேரிடும் என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஒரே ஒரு வரி அது. உயிர்த்த ஞாயிறு தாக்குதல் நடந்து மூன்று வாரங்களே ஆகியிருந்தன. அவர் கைதானார். முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. ஊரடங்குச் சட்டம் போடப்பட்டது.

மறுநாள், 13ஆம் திகதி, பேஸ்புக், வட்ஸ்அப் உள்ளிட்ட சமூக ஊடகங்கள் நாடு முழுவதும் முடக்கப்பட்டன. அதே நாளில் வன்முறை குருநாகல், கம்பஹா மாவட்டங்களுக்குப் பரவியது. புத்தளம் மாவட்டத்தின் கொட்டாரமுல்லையில் முஸ்லிம் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார்.

அந்தத் தடை யாரைக் காத்தது, யாரைத் தனிமைப்படுத்தியது என்று கேட்பதற்கு முன், இப்படியான தடை தொழில்நுட்ப ரீதியில் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். வலையமைப்புகளைப் பராமரிப்பது என் தொழில் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அலுவலகமொன்றின் ஃபயர்வோலை அமைக்கும்போது வலயங்களைப் பிரிப்போம். நம்பகமான வலயத்துக்குள் எல்லாவற்றையும் அனுமதிப்போம். இன்னொரு வலயத்துக்கு வருவதைப் பதிலே சொல்லாமல் கைவிடுவோம். எது எந்த வலயம் என்பதை ஐபி முகவரியை வைத்துத் தீர்மானிக்கலாம். 192.168.10.25 என்று எழுதினால் ஒரேயொரு கணினி. 192.168.10.0/24 என்று எழுதினால் 256 முகவரிகள் கொண்ட முழு சப்நெட். கடைசியில் உள்ள அந்தச் சிறிய எண்ணை 24இலிருந்து 16ஆக மாற்றினால் 65,536 முகவரிகள் ஒரே விதிக்குள் வந்துவிடும்.

இப்படி முகவரியை வைத்து எழுதும் விதிக்குத் தெரிவது முகவரி மட்டுமே. தபால்காரர் உறையின் மேல் உள்ள விலாசத்தைப் பார்ப்பது போல. உள்ளே இருப்பது கொலைமிரட்டலா, “பின்வழியாக வாருங்கள், சந்தியில் கும்பல் நிற்கிறது” என்ற எச்சரிக்கையா என்று அதற்குத் தெரியாது. வட்ஸ்அப் செய்திகள் 2016 முதல் அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே வாசிக்கக்கூடியவாறு மறையாக்கம் செய்யப்படுகின்றன. ஆகவே வெறுப்பை மட்டும் தடுக்கும் விதி எதையும் ஃபயர்வோலில் எழுத முடியாது. எல்லாவற்றையும் விடலாம், அல்லது எல்லாவற்றையும் நிறுத்தலாம்.

எல்லாவற்றையும் நிறுத்துவதும் நினைத்த இடத்தோடு நிற்பதில்லை. 2008 பெப்ரவரியில் பாகிஸ்தான், யூடியூபைத் தன் நாட்டுக்குள் முடக்க முயன்றது. அங்கிருந்த தொலைத்தொடர்பு நிறுவனம் யூடியூபுக்குரிய ஒரு /24 சப்நெட்டுக்கான வழி தன்னிடம் இருப்பதாக அறிவித்தது. அந்த அறிவிப்பு எல்லை தாண்டிக் கசிய, உலகின் பல பகுதிகளில் சுமார் இரண்டு மணிநேரம் யூடியூப் கிடைக்கவில்லை. 2018இல் ரஷ்யா டெலிகிராமைத் துரத்தி அமேசான், கூகுள் நிறுவனங்களின் இலட்சக்கணக்கான முகவரிகளை முடக்கியது. தொடர்பில்லாத பல சேவைகள் விழுந்தன. டெலிகிராம் இயங்கிக்கொண்டே இருந்தது. 2020இல் தடையே கைவிடப்பட்டது.

நமக்கும் இது புதிதல்ல. 2018 மார்ச்சில் திகன வன்முறையின்போது ஒருமுறை. 2019இல் உயிர்த்த ஞாயிறுக்குப் பின் அடுத்தடுத்துப் பலமுறை. 2022 ஏப்ரல் 3ஆம் திகதி, பொருளாதார நெருக்கடிக்கு எதிரான போராட்டம் அறிவிக்கப்பட்டிருந்த நாளில், பாதுகாப்பு அமைச்சின் வேண்டுகோளின் பேரில் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு மீண்டும் முடக்கியது. அன்று அமைச்சராக இருந்த நாமல் ராஜபக்ஷவே, தான் வீபிஎன் வழியாகப் பதிவிடுவதாகவும் இத்தகைய தடைகள் பயனற்றவை என்றும் ட்விட்டரில் எழுதினார். ஒரு நாள்கூட முடியுமுன் தடை நீக்கப்பட்டது. கலவரத்துக்கென்று எடுத்த ஆயுதம் சில ஆண்டுகளிலேயே ஆர்ப்பாட்டத்துக்கு எதிராகத் திரும்பியிருந்தது.

வீபிஎன் தெரிந்தவருக்குத் தடை ஒரு தொந்தரவு மட்டுமே. கும்பலைத் திரட்ட விரும்புபவர் அதைக் கற்றுக்கொள்வார். இல்லையேல் மோட்டார் சைக்கிளில் போய்ச் சொல்வார். அடிபடுவது வேறு ஆட்கள். புத்தளம் கரையோரத்தில் வென்னப்புவ, மாரவில பக்கம் இத்தாலிக்குப் போன பிள்ளைகள் உள்ள வீடுகள் ஏராளம். 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் குடியேறிய குடும்பங்களின் உறவுகள் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் வளைகுடா நாடுகளிலும் சிதறியுள்ளன. இவர்களுக்கு வட்ஸ்அப்தான் தொலைபேசி. ஊரில் தீ வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, வாப்பாவும் உம்மாவும் உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்க முடியாத நிலையைத்தான் தடை அவர்களுக்குத் தருகிறது. அந்த வெற்றிடத்தில் வதந்தி இன்னும் வேகமாக வளரும். மறுப்புச் சொல்லும் வழியும் அடைபட்டிருக்கிறதே.

பேஸ்புக் நிறுவனத்தை நான் விடுவிக்கவில்லை. 2018 வன்முறையில் தன் தளம் வகித்த பங்குக்காக அது 2020 மே மாதத்தில்தான் மன்னிப்புக் கேட்டது. சிங்களத்தில் வந்த வெறுப்புப் பதிவுகளைப் பார்க்க அதனிடம் போதிய ஆட்கள் இருக்கவில்லை. ஆனால் அந்தக் குறைக்கு மருந்து சிங்களமும் தமிழும் தெரிந்த கண்காணிப்பாளர்கள். சப்நெட் பூட்டு அதற்கு மருந்தாகாது.

2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இந்தப் பூட்டின் சாவியை ஐவர் கொண்ட ஆணைக்குழுவொன்றிடம் கொடுத்திருக்கிறது. இணையத்திலுள்ள ஓர் இடத்தை அணுக முடியாமல் செய்யும்படி சேவை வழங்குநர்களைப் பணிக்க அதனால் முடியும். சட்டத்தைத் திருத்துவது பற்றிய பேச்சில், எவை குற்றம் என்பதே பெரும்பாலும் விவாதிக்கப்படுகிறது. எப்படித் தடுக்கப்படும் என்பதும் அதே அளவு முக்கியம்.

சிறிய அலுவலகமொன்றில்கூட நாங்கள் சில ஒழுங்குகளைப் பின்பற்றுகிறோம். முடிந்தவரை ஒற்றை முகவரியைத் தடுப்போம். சப்நெட்டைத் தொடுவது கடைசி வழி. விதியை யார் கேட்டார், ஏன் போட்டோம் என்று பதிவோம். தற்காலிக விதிக்கு முடிவு நேரம் கொடுப்போம். நேரம் வந்ததும் அது தானே அழிந்துவிடும். நாடு முழுவதற்கும் போடப்படும் தடைக்கு இவை மூன்றுமாவது வேண்டும்: நீதிமன்றத்தின் முன்அனுமதி, பகிரங்கமாக வெளியிடப்படும் காரணமும் பட்டியலும், மணிக்கணக்கில் அளக்கப்பட்ட கால எல்லை.

இவற்றோடு பொலிஸின் கடமையும் சேர வேண்டும். சிலாபத்தில் ஞாயிறன்று கும்பல் கூடியது எல்லோரும் பார்க்கக்கூடிய தெருவில். கொட்டாரமுல்லைக்கு மறுநாள் தேவைப்பட்டது, வாளோடு வருபவர்களை மறிக்கும் பொலிஸும், மூன்று மொழிகளிலும் உண்மையைச் சொல்லும் அறிவிப்பும். வட்ஸ்அப்பை மூடியது அவற்றில் எதையும் அந்த ஊருக்குக் கொண்டுவரவில்லை.