சில்லைத் தாங்கும் கைக்கு யார் பொறுப்பு?

யாழ்ப்பாணத்தில் கார் உதிரிப்பாகம் என்பது ஒருபோதும் பொழுதுபோக்குக்காரரின் விடயமாக இருந்ததில்லை. அது எமது அரசியலோடும் பொருளாதாரத்தோடும் போரோடும் பின்னிப் பிணைந்து வந்த ஒன்று. ஆகவே, ஒரு பத்திரிகைக்காரன் மோட்டார் வாகனத்தின் சஸ்பென்சன் ஆர்ம் பற்றி எழுதுவதைக் கண்டு வாசகர்கள் புருவத்தை உயர்த்த வேண்டியதில்லை.

2020 மார்ச்சில் இலங்கை அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு அந்தத் தடை நீங்கியது 2025 பெப்ரவரியிலேதான். தடை நீங்கிய பின்னரும் வரிச்சுமை காரணமாகப் புதிய வாகனம் சாதாரண குடும்பங்களுக்கு எட்டாக்கனியாகவே உள்ளது. விளைவு, இருபது முப்பது வயதான கார்களைத் திருத்தித் திருத்தி ஓடுகிறோம். இவற்றுள் பழைய ஹொண்டா சிவிக் போன்றவற்றை வாங்கி, தாழ்த்தி, அகன்ற சில்லுப் பூட்டி, ஸ்போர்ட்ஸ் கார் ஆக்கிவிடுகின்ற தம்பிமார் உடுப்பிட்டியிலும் நெல்லியடியிலும் பருத்தித்துறையிலும் இருக்கின்றார்கள். அவர்களிடம் இப்போது சூடாக அடிபடும் கேள்வி, எந்தக் கொம்பனியின் ஆர்ம் நல்லது என்பதாகும். சிவப்பு நிறத்தில் மினுங்குவதா, அலுமினியத்தில் வருவதா, நீளத்தைக் கூட்டிக் குறைக்கக் கூடியதா?

கேள்வியில் தவறில்லை. ஆனால் அது இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. முதலாவது கேள்வி, இது முறிந்தால் யார் பொறுப்பு என்பதே.

தொழில்நுட்பம் தெரியாத வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். காரின் உடலையும் சில்லையும் இணைத்து வைத்திருக்கும் இரும்புக் கையே சஸ்பென்சன் ஆர்ம். ஒரு முனையில் இறப்பர் புஷ். மறுமுனையில் போல் ஜொயின்ற். சில்லு பள்ளத்தில் இறங்கி ஏறும்போது இந்தக் கை மேலும் கீழும் ஆடுகிறது. ஆடினாலும் சில்லு நிற்கும் கோணத்தை அது கட்டுப்பாட்டுக்குள் வைத்திருக்க வேண்டும். பிரேக் பிடிக்கும்போதும் வளைவில் திரும்பும்போதும் வரும் விசையின் பெரும்பகுதி இதன் மீதே விழுகின்றது. இயந்திரம் நின்றுபோனால் கார் வீதியோரம் நிற்கும். இந்தக் கை முறிந்தால் கார் எங்கே போய் நிற்கும் என்று எவராலும் சொல்ல முடியாது.

எமது தலைமுறைக்கு இது புத்தகப் பாடமல்ல. யாழ்ப்பாணத்து வீதிகளைப் பல தசாப்தங்கள் ஆண்டவை ஒஸ்ரின் ஏ-40, ஒஸ்ரின் கேம்பிறிஜ், மொறிஸ் மைனர் ஆகிய பிரித்தானியக் கார்களே. மொறிஸ் மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1948 இல் வெளிவந்து, பத்து இலட்சத்தைத் தாண்டி விற்பனையான முதற் பிரித்தானியக் கார் என்று பெயர்பெற்றது. அந்தக் காருக்கு ஒரு பலவீனமும் உண்டு. முன் சில்லைத் தாங்கும் அச்சு, கீழே ட்ரன்னியன் எனப்படும் மரையுள்ள பாகத்துக்குள் திருகி நிற்கும். அதற்குக் கிறீஸ் அடிக்காது விட்டால் மரை தேயும். தேய்ந்த மரை ஒருநாள் கழன்றுவிட, முன் சில்லு மடிந்து, கார் முழங்காலிட்ட மாடுபோலப் படுத்துவிடும். அதனால்தான் அன்றைய மெக்கானிக்மார் மொறிஸ் மைனரைக் கண்டால் முதலில் கிறீஸ் துப்பாக்கியையே தேடினார்கள்.

1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டதும் வடக்கின் மீது பொருளாதாரத் தடை இறங்கியது. எரிபொருளோடு பற்றறியும் மோட்டார் உதிரிப்பாகங்களும் தடைப்பட்டியலில் இருந்தன. சிறு போத்தலில் இருந்த பெற்றோலைக் காபரேற்றருக்குள் சில துளிகள் விட்டு இயந்திரத்தை இயக்கி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓடிய கதையை எங்கள் பிள்ளைகளுக்குப் பலமுறை சொல்லிவிட்டோம். அந்தக் கார்களின் சில்லுகள் எப்படி நின்றன என்ற கதையைச் சொன்னவர்கள் குறைவு. பழைய ரயர் இறப்பரில் புஷ் வெட்டினார்கள். பித்தளையைக் கடைந்து புஷ் செய்தார்கள். ஓடாது கிடந்த ஒரு காரைப் பிரித்து மூன்று காரை ஓடச் செய்தார்கள். 2002 இல் தடைகள் தளர்ந்து, ஏ-9 பாதை திறக்கும்வரை ஒரு சமூகத்தின் நோயாளரும் கர்ப்பிணிகளும் அந்தக் கைகளை நம்பியே பயணித்தார்கள்.

அதே 1990களில் இதே தீவில் நடந்த இன்னொரு விடயத்தையும் இங்கு பதிவு செய்ய வேண்டும். இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர்களைப் புதுப்பிக்கும் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயார், தென்னிலங்கையில் ஒரு பங்காளியுடன் சேர்ந்து அந்தக் காருக்கான உடற்தகடுகளைச் செய்வித்து இங்கிலாந்துக்கு எடுப்பித்தார். வடக்கில் ஒரு புஷ்ஷுக்கு வழியில்லை. தெற்கிலிருந்து அதே காரின் பாகங்கள் கப்பலேறின. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இனி ஸ்போர்ட்ஸ் காருக்கு வருவோம். 1958 இல் வெளிவந்த ஒஸ்ரின் ஹீலி ஸ்பிறைற் என்ற சிறிய ஸ்போர்ட்ஸ் காரின் முன் சஸ்பென்சன், சாதாரண ஒஸ்ரின் ஏ-35 குடும்பக் காரிலிருந்து எடுக்கப்பட்டது. அதன் ஸ்ரியறிங் மொறிஸ் மைனரிலிருந்து எடுக்கப்பட்டது. அதாவது, எங்கள் வாடகைக் கார்களின் இரத்த உறவுகளே அந்த ஸ்போர்ட்ஸ் கார்கள். 1962 முதல் 1980 வரை உற்பத்தியான எம்.ஜி.பி காரிலும், மொறிஸ் மைனரைப் போலவே, அதிர்வு தாங்கியின் நெம்புகோலே மேற்கையாகவும் தொழிற்படுகிறது. அந்தத் தாங்கி தேய்ந்து ஆட்டம் கண்டால் சில்லின் கோணமும் ஆட்டம் காணும்.

இந்தக் கார்களை இன்றும் ஓட்டும் ஆர்வலர்கள் மேற்கு நாடுகளில் ஏராளம். அவர்களுக்காகவே புதிய மேற்கைகள், தொலைநோக்கிக் குழாய் வடிவிலான அதிர்வு தாங்கிக்கு மாற்றும் பெட்டிகள், பொலியூரத்தேன் புஷ்கள் என்று தனியொரு சந்தை இயங்குகின்றது. அங்கே கழகங்கள் உண்டு. ஒரு பாகம் கெட்டதென்றால் அது மறுமாதமே உறுப்பினர்களுக்குத் தெரியவரும். விற்பவன் பெயரோடு நிற்கிறான். அந்தச் சந்தையின் உண்மையான பலம் இரும்பில் இல்லை; இந்தப் பெயரில் இருக்கிறது.

எங்கள் சந்தையில் அந்தப் பெயர் காணாமற் போய்விட்டது. இன்று கடையில் கிடைப்பவை மூவகை. முதலாவது, கார் செய்த கொம்பனியின் அசல் சாமான். இரண்டாவது, பெயரும் பாக இலக்கமும் கொண்ட வேறு உற்பத்தியாளரின் சாமான். இவற்றுட் சில அசலைச் செய்து கொடுத்த தொழிற்சாலைகளிலிருந்தே வருபவை. மூன்றாவது, பெட்டியில் ஒரு பெயரும் இரும்பில் எந்தப் பெயரும் இல்லாதவை. இதற்கு அப்பால், யப்பானில் கழித்த கார்களிலிருந்து கழற்றி வரும் பழைய ஆர்ம்களும் உள்ளன. மூன்றாவது வகையே அதிகம் மினுங்குகின்றது என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

இவற்றுள் எதைத் தெரிவது? தெரிந்தவர்களிடம் கேட்டும் கண்டும் நான் வந்தடைந்த முடிவுகளை இங்கு தருகிறேன்.

எதற்காக மாற்றுகிறோம் என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். புஷ் மட்டும் தேய்ந்திருந்தால், அசல் கை வளையாமலும் உக்காமலும் இருந்தால், புஷ்ஷை மட்டும் மாற்றுவதே அறிவுடைமை. கம்பனி செய்த நல்ல இரும்பை எறிந்துவிட்டு, ஊர் பேர் தெரியாத புதிய இரும்பைப் பூட்டுவது முன்னேற்றமாகாது.

காரைத் தாழ்த்தியவர்களுக்குக் கதை வேறு. 1988 முதல் 2000 வரையான ஹொண்டா சிவிக்கில் முன்னும் பின்னும் இரட்டைக் கை அமைப்பு உண்டு. இத்தகைய காரைத் தாழ்த்தும்போது சில்லின் மேற்பகுதி உள்ளே சாயும். ரயரின் உள்விளிம்பு விரைவில் தேயும். நீளத்தை மாற்றக்கூடிய ஆர்ம் அந்தச் சாய்வைத் திருத்தவே உருவானது. காரைத் தாழ்த்தாதவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. தாழ்த்தியவரும் அதைப் பூட்டியபின் சில்லுக் கோணங்களை இயந்திரத்தில் வைத்துச் சரிபார்க்காவிட்டால், செலவழித்த பணம் வீண்.

இன்னொன்று, பந்தயக் காரின் பாகம் வீதிக் காருக்கு உயர்ந்தது என்ற மயக்கம். பந்தயத்துக்கான ஆர்ம்களில் இறப்பருக்குப் பதிலாக இரும்புக் குண்டு மூட்டுகள் இருக்கும். இடைவெளியின்றித் துல்லியமாகத் திரும்பும், உண்மை. ஆனால் அவற்றிற் பலவற்றுக்குத் தூசுக் கவசம் கிடையாது. பந்தயக்காரன் ஒவ்வொரு போட்டிக்குப் பின்னும் கழற்றிப் பார்க்கிறான், தேய்ந்ததை எறிகிறான். வல்லை வெளியின் உப்புக் காற்றிலும் ஊர் ஒழுங்கைகளின் மணலிலும் ஓடுகின்ற காரில், அதே மூட்டு சில மாதங்களில் தட்டத் தொடங்கும். கடலுக்கு இவ்வளவு அண்மையில் வாழும் நாம், குழாய் வடிவில் ஒட்டுவேலையால் செய்த ஆர்ம் என்றால், ஒட்டு முழுச் சுற்றும் பிடித்திருக்கிறதா, குழாய்க்குள் நீர் தேங்க வழி உண்டா என்றும் பார்க்க வேண்டும். உள்ளே பிடிக்கும் துருவை மேலே பூசிய வர்ணம் மறைத்துவிடும்.

பூட்டும் முறையும் தெரிவின் ஒரு பகுதியே. இறப்பர் புஷ்ஷின் ஆணியைக் கார் ஜாக்கில் தொங்கும்போது இறுக்கக் கூடாது. சில்லு தரையில் நின்று கார் தன் எடையில் அமர்ந்த நிலையிலேயே இறுக்க வேண்டும். இல்லையேல் இறப்பர் எந்நேரமும் முறுக்குப்பட்டு வெகு விரைவில் கிழியும். கிழிந்ததும் சாமான் கூடாது என்று கடைக்காரரோடு சண்டை பிடிப்பவர்களையும் கண்டிருக்கிறேன்.

இங்கே எதிர்வாதம் ஒன்று எழும். "ரயர் இறப்பரில் புஷ் வெட்டி ஓடிய ஊரில், இப்போது மட்டும் எதற்கு இந்த ஆய்வும் ஆராய்ச்சியும்? காசுள்ளவனுக்குத்தானே அசல் சாமான்?" என்று கேட்பார்கள். ஏழ்மையைக் காரணங்காட்டும் இந்த வாதத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் அன்று நடந்ததைச் சரியாக நினைவுகொள்ள வேண்டும். தேர்ந்த மெக்கானிக்மார் புஷ்ஷைச் செய்தார்கள். ஆனால் வெடித்த ஆர்மை ஒட்டிப் பூட்ட மாட்டார்கள். புஷ் கெட்டால் சத்தம் கேட்கும். ஆர்ம் கெட்டால் அழுகை கேட்கும் என்ற வேறுபாடு அவர்களுக்குத் தெரியும். அவர்கள் மண்ணெண்ணெய்க் காரை மெதுவாகவே ஓடவும் விட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, புஷ்ஷைக் கடைந்தவர் அதே ஊரில், அதே சந்தியில் இருந்தார். மறுநாட் காலை காரின் சொந்தக்காரர் அவர் முன்னால் வந்து நிற்பார். இன்று பெயரில்லாத ஆர்மைச் செய்தவரின் முன்னால் யார் போய் நிற்பது?

அரசாங்கத்துக்கும் இதில் பங்கு உண்டு. எமது நாட்டில் தனியார் கார் ஒன்றுக்கு வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனைச் சான்று வேண்டும். புகையை அளக்கிறார்கள், நல்லது. ஆனால் சில்லு கழன்று போகுமா என்று எவரும் பார்ப்பதில்லை. பிரித்தானியாவில் மூன்று வருடத்தைக் கடந்த காரின் சஸ்பென்சனும் ஸ்ரியறிங்கும் பிரேக்கும் வருடந்தோறும் பரிசோதிக்கப்படுகின்றன. ஐந்து வருட இறக்குமதித் தடையால் வாகனங்களின் வயதைக் கூட்டிவிட்ட அரசு, அவற்றின் எலும்புகளைப் பார்க்கவும் ஒரு வழியைச் செய்திருக்க வேண்டாமா?

விபத்துச் செய்திகளில் வழமையாக ஒரு வாக்கியம் இடம்பெறும்: "வேகக் கட்டுப்பாட்டை இழந்த கார் மதிலுடன் மோதியது." அரை நூற்றாண்டாக மாறாத வாக்கியம் அது. கட்டுப்பாட்டை இழந்தது சாரதியா, அல்லது அவரது கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட ஓர் இரும்புத் துண்டா என்பதை அந்த வாக்கியம் சொல்வதில்லை. விசாரணைகளில் போல் ஜொயின்ற்றையும் ஆர்மையும் கழற்றிப் பார்த்துப் பதியும் வழக்கம் வந்தால், எந்தச் சாமான் மனிதரைக் கொல்கிறது என்பது ஊருக்குத் தெரியவரும். பத்திரிகைகளுக்கும் எழுத ஏதாவது கிடைக்கும்.

அதுவரை தம்பிமாரிடம் நான் வேண்டுவது மூன்று. இரும்பிலேயே உற்பத்தியாளரின் பெயரும் இலக்கமும் பொறிக்கப்படாத ஆர்மை வாங்காதீர்கள். பாக இலக்கம் எழுதிய பற்றுச்சீட்டைக் கேளுங்கள். தர மறுக்கும் கடையை விட்டு வெளியே வாருங்கள். ஒரு பக்கம் மாற்றினால் மறுபக்கத்தையும் மாற்றுங்கள். இரண்டுக்கும் பணம் போதாவிட்டால் காரைத் தாழ்த்தும் ஆசையைத் தள்ளிப்போடுங்கள். பின்னிருக்கையில் ஏறும் தாயும் தங்கையும் காருக்கடியில் குனிந்து பார்த்துவிட்டு ஏறுவதில்லை.