தேக்கா சந்தையில் ஒரு சிரிப்பு

சிங்கப்பூரின் தேக்கா சந்தை, ஞாயிறு காலை. மீன் பட்டியல் என்று நினைத்து அப்பாவின் மருந்துச்சீட்டை மீன்காரரிடம் நீட்டிவிட்டார், நாற்பதைத் தாண்டிய ஒரு பெண். "அக்கா, மெட்ஃபார்மின் இல்லை, வஞ்சிரம்தான் இருக்கு!" உடன் வந்திருந்த அப்பாவும் மகனும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தப் பெண்ணுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அன்றைய பாரம் பாதி இறங்கியது.

சிரிப்பு பெரிய துணைதான். ஆனால் பெற்றோரைக் கவனித்துக்கொள்ளத் தேவைப்படும் விடுப்புக்கு அது ஈடாகாது.

வயதான பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கோர வழிசெய்யும் சட்டம் சிங்கப்பூரில் 1995-இல் நிறைவேறியது. பெற்றோர் வீட்டிலிருந்து 4 கிலோமீட்டருக்குள் மறுவிற்பனை வீடு வாங்கும் தகுதியுள்ளோருக்கு மானியமும் உண்டு. ஏழு வயதுக்குட்பட்ட சிங்கப்பூர்க் குடிமகப் பிள்ளைக்காக ஆண்டுக்கு 6 நாள் சம்பள விடுப்பு கிடைக்கிறது.

அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போக? அரசு ஊழியருக்கு 2 நாள். தனியார் நிறுவனங்களுக்கோ சட்டக் கட்டாயம் இல்லை. பெற்றோருக்கான விடுப்பையும் சட்டமாக்க வேண்டும்.